கிறித்தவ வாழ்வும் நாட்டுப் பண்பாடும்



தொழில் நாடித் தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களோடு உரையாடக் கிடைத்த இவ்வாய்ப்பில், கிறித்தவ மக்கள் தம் சமய நம்பிக்கையை இந்நாட்டுப் பண்பாட்டினிடையே எவ்வாறு வாழ்ந்து காட்டி வருகின்றனர் என்பது பற்றிச் சில கூற விழைகின்றோம். நாம் சமய நூல்களைத் துறைபோகக் கற்றவர் அல்லோம். நடுவண் அரசின் அலுவலகம் ஒன்றில் இருபதாண்டுகளாக மொழிபெயர்ப்புப் பணி புரிந்து வருகிறோம். பிறந்தது நெல்லைச் சீமையில் பனையும் தேரிமணலும் சூழ்ந்த ஒரு சிற்றூர். வாழ்வது தில்லி மாநகர். ஆதலின் அறிஞரைப் போலன்றி, இம்மாநகரில் வாழும் ஒரு குடும்பத்தாராகவே பேசுகிறோம்.

மொழிபெயர்ப்பாளருக்கு நாள்தோறும் எதிர்ப்படும் இடர் ஒன்றுண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் மயங்கும். கேட்போர்க்கு இனிமை பயக்க வேண்டுமென்று மூலத்தை விட்டு விலகினால் உண்மை மறையும். இவ்விரண்டினுக்கும் இடையே வழி கண்டு நடத்தலே எம் தொழில். ஒரு சமயம் புதியதொரு மண்ணில் வேரூன்றும்போதும் இதே இடரைச் சந்திக்கிறது. அயல்நாட்டு உடையும் இசையும் மாறாமல் அப்படியே நின்றால் மக்கள் நெஞ்சம் அதனைத் தனதென்று கொள்ளாது. சூழ்ந்துள்ள வழக்கங்கள் யாவற்றையும் ஆராயாமல் ஏற்றுக்கொண்டால், சமயம் எதனைச் சொல்ல வந்ததோ அதுவே காணாமற் போகும். எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் இவ்வினா நூலறிஞர்க்கு மட்டும் உரியதன்று. நம் இல்லத்து அடுக்களைக்குள்ளும் அது வந்து நின்றதுண்டு. அந்நிகழ்ச்சியை முதலிற் கூறுவோம்.

சென்ற ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் மாலை. மறுநாள் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. ஊரிலிருந்து வந்த கருப்பட்டி கொண்டு அதிரசம் சுட்டாயிற்று, முறுக்குப் பிழிந்தாயிற்று, வாயிலில் தாள்விளக்கு விண்மீனும் தொங்கவிட்டாயிற்று. தில்லிவாழ் தமிழ் நண்பர் முப்பது பேரை விருந்துக்கு அழைத்திருந்தோம். அவ்வேளையில், மூன்றாண்டுகளாக நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கி வீடு பெருக்கி வந்த பெண்மணி, தயங்கித் தயங்கி வந்து, நாளை ஒருநாள் விடுப்பு வேண்டுமென்று கேட்டார். நம் இல்லத்தரசியார், “நாளை முப்பது பேர் வருகிறார்களே, அம்மா, நாளை மறுநாள் எடுத்துக்கொள்ளலாகாதா?” என்றார். அப்பெண் தலைகுனிந்தவாறே, “நாளை எங்களுக்கும் ‘படா தின்’ தானே, அம்மா” என்றார்.

‘படா தின்’ என்றால் பெரிய நாள் என்பது பொருள். இந்தி பேசும் மக்கள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வழங்கும் பெயர் அது. அப்பெண் தம் கழுத்திலிருந்த கயிற்றை வெளியே எடுத்தார். அதில் சிறியதொரு சிலுவை தொங்கியது. அவர் ராஞ்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றினின்று வந்த பழங்குடிப் பெண். மூன்று தலைமுறைக் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மூன்றாண்டுகளாக நம் வீட்டுத் திருமறை நூலின்மேற் படிந்த தூசியை நாள்தோறும் துடைத்தவர் அவரே. அவர் எச்சமயத்தவர், எவ்வூரினர், உடன்பிறந்தார் எத்தனை பேர் என்று நாம் ஒருநாளேனும் கேட்டதில்லை. அதனினும் கொடியது ஒன்று அப்போதுதான் நம் கண்ணிற் பட்டது. அவர் தேநீர் அருந்துதற்கென்று ஒரு குவளை, மற்றக் குவளைகளோடு சேராமல், சாளரத்தின் ஓரமாகத் தனியே கவிழ்க்கப்பட்டிருந்தது. அதனைத் தனியே வைத்தவர் யார், வைத்தது எப்போது என்று கேட்டால் நம் இல்லத்தில் எவராலும் விடைகூற இயலாது. எவரும் கட்டளை இடாமலே அவ்வழக்கம் தானே வந்து நம் அடுக்களையில் குடிபுகுந்துவிட்டது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கருப்பட்டியைச் சிந்தாமல் கொணர்ந்தோம். கீர்த்தனைகளை மறவாமல் கொணர்ந்தோம். அவற்றோடு அந்தக் குவளையையும் அன்றோ கொணர்ந்துவிட்டோம் என்று நெஞ்சம் வருந்திற்று. நம் முன்னோர் எதனைக் கொண்டனர், எதனைத் தள்ளினர் என்று வரலாற்றைத் திரும்ப நோக்கத் தொடங்கினோம்.

தமிழ்நாட்டில் இம்முயற்சியைத் துணிந்து தொடங்கியவர் இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவியாகிய இராபர்ட் தெ நோபிலி. 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த அவர், ஐரோப்பிய உடையைக் களைந்து காவி உடுத்தார். புலால் உணவை நீக்கினார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் என்னும் பெயரால் விளங்கினார். கிறித்தவராவதற்கு ஒருவர் பறங்கியராக வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. அவர்மீது குற்றச்சாட்டுகள் உரோமாபுரி வரை சென்றன. இறுதியில் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார், பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகிய வழக்கங்களைச் சில வரையறைகளோடு கிறித்தவரும் கைக்கொள்ளலாம் என இசைவளித்தார்.

இது பெருஞ்செயலே, ஐயமில்லை. ஆயினும் அம்மொழிபெயர்ப்பில் ஒரு குறை இருந்தது. உடையையும் மொழியையும் ஏற்ற அப்பணி, சாதி வேற்றுமையையும் நாட்டு வழக்கமென்றே கருதித் தொடாது விட்டது. உயர்ந்தோர் எனப்பட்டவரிடையே பணியாற்ற ஒருவகைத் துறவியரும், ஏனையோரிடையே பணியாற்றப் பண்டாரச் சாமிகள் எனப்பட்ட வேறுவகைத் துறவியரும் அமர்த்தப்பெற்றனர். அதன் நிழல் நெடுங்காலம் நீண்டது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில், இரு சாதியார் ஒருவரை ஒருவர் காணாது தனித்தனியே அமரும்படி இரு கிளைகளாகப் பிரிந்து, பலிபீடத்தில் மட்டும் ஒன்றுகூடுமாறு கட்டப்பட்டது. அத்தடுப்பு 1910இல் அகற்றப்பட்டபோது கலகம் மூண்டது. வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. கடவுளின் முன்னிலையில் யாவரும் ஒருதாய் மக்கள் என்று ஓதிய இடத்திலேயே, அவ்வோதலைச் சுவர் மறுத்துரைத்தது. கொள்ளத்தக்கது, தள்ளத்தக்கது என்னும் பாகுபாட்டின் இன்றியமையாமையை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று வேறில்லை.

அக்குறையினின்று விடுபடும் வழியைத் தம் வாழ்வாற் காட்டிய கிறித்தவர் இருவரை ஈண்டு நினைவுகூர்வோம். ஒருவர் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்தவர். மற்றவர் நம்மைப் போலத் தமிழ் மண்ணை விட்டுச் சென்றவர்.

முதல்வர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சிக்கு அருகேயுள்ள குளத்தூரிற் பிறந்த இவர், நம் தொழிலுக்கும் முன்னோடி ஆவார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக விளங்கிப் பின்னர் முன்சீப் ஆனார். உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழிற் பெயர்த்து அச்சிட்டார். 1879இல் அவர் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் என்பது யாவரும் அறிந்ததே. பற்றுறுதி மிக்க கத்தோலிக்கராகிய அவர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடும் திருவாவடுதுறை ஆதீனத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரோடும் நெருங்கிய நட்புப் பூண்டிருந்தார். ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ இயற்றினார். 1876ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். அவருடைய ஈகையைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்து பாடியவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார். கிறித்தவரின் அறச்செயலைச் சிவநேயச் செல்வர் பாடுவதெனின், அவ்வறத்தின் மொழி யாவர்க்கும் விளங்கிற்று என்பது பொருள். பசித்தவன் முன் வைத்த சோறு மொழிபெயர்ப்பு வேண்டாத நூலன்றோ?

இரண்டாமவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. பிற மாநிலங்களில் வாழும் நாம் அவர் வரலாற்றை விரிவாக அறிதல் தகும்.

அவர் 1874இல் நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஓர் எளிய குருவின் மகனாகப் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்று, கிறித்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவ இளைஞர் தம் செலவிலேயே பிற ஊர்களுக்குத் தொண்டர்களை அனுப்பி வருதலைக் கண்டார். மேலைநாட்டார் பொருளையும் ஆளையும் எதிர்நோக்கியே நம் திருச்சபை எத்தனை காலம் வாழ்வது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தைத் தைத்தது. மறு ஆண்டே, 1903இல், பாளையங்கோட்டையில் ‘இந்திய மிஷனெரி சங்கம்’ தோன்றிற்று. நெல்லைக் கிறித்தவர் தம் காணிக்கையைக் கொண்டு, தம்மவரையே, தம் மொழி வழங்காத நாட்டுக்குத் தொண்டு செய்ய அனுப்பினர். அவர்கள் தேர்ந்த இடம், அந்நாளில் ஐதராபாத் நிசாமின் ஆட்சியிலிருந்ததும் இன்று தெலங்காணாவில் உள்ளதுமாகிய தோர்ணக்கல்.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் சென்னையில் இருத்தல் தகாதென உணர்ந்த அசரியா, 1909இல் குடும்பத்தோடு தோர்ணக்கலுக்குக் குடிபெயர்ந்தார். தெலுங்கு மொழியை முதலெழுத்திலிருந்து கற்றார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராகத் திருநிலை பெற்றார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியர் அவரே. 1945ஆம் ஆண்டின் முதல் நாளில் தோர்ணக்கலிலேயே உயிர் நீத்தார். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் தெலுங்கு நாட்டு மக்களிடையே, மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று, அவர்கள் மொழியிலேயே பேசி வாழ்ந்தார்.

அவரை நாடி வந்தவருள் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் இரு பிரிவினர். ஊரார் இருசாராரையும் தீண்டாதோர் என ஒதுக்கினர். அவ்விரு சாராரும் தம்முள் ஒருவரை ஒருவர் ஒதுக்கி, உடனுண்ணுதலையும் வெறுத்தனர். இவர்களை ஒரே அப்பத்தையும் ஒரே கிண்ணத்தையும் பகிர்ந்துகொள்ளுமாறு செய்தல், கோயில் கட்டுவதினும் அரிய பணியாக இருந்தது. அசரியா அதனையே முதற்பணியாகக் கொண்டார். அதே வேளையில் தெலுங்கு மக்களின் இசையையும் விழாக்களையும் அவர் தள்ளவில்லை. அறுவடைக் காலத்தில் உழவர் தம் நெல்லையும் கோழியையும் காய்கனிகளையும் கொணர்ந்து படைக்கும் விழாக்களை ஊக்குவித்தார். தெலுங்குக் கீர்த்தனைகள் கோயில்களில் ஒலித்தன. ஊழியப் பயிற்சிக்கு வந்த ஆடவரின் மனைவியர்க்கும் உடன் கல்வி அளிக்கப்பெற்றது. 1939இல் திறப்புவிழாக் கண்ட தோர்ணக்கல் பேராலயம், மசூதியை நினைவூட்டும் குவிமாடங்களும், தென்னாட்டுக் கோயில்களை நினைவூட்டும் கல் தூண்களும், தாமரை வடிவங்களும், அவற்றோடு சிலுவையும் கொண்டு இன்றும் நிற்கிறது. பண்பாட்டில் அழகானவற்றை வாரிக்கொள். மனிதரைப் பிரிப்பவற்றைத் தள்ளிவிடு என்னும் பாடத்தை அக்கட்டடமும், அதனுள் உடன்முழங்காலிட்ட அம்மக்களும் சேர்ந்து புகட்டினர் எனலாம்.

1910இல் எடின்பரோ நகரில் நடைபெற்ற உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை புகழ்பெற்றது. மேலைநாட்டுத் தொண்டர்களின் தியாகத்தை நன்றியோடு பாராட்டிய அவர், தயவும் உதவியும் மட்டும் போதா, சமமானவராகக் கருதும் நட்பு வேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். பலருக்கு அது கசந்தது. இவ்வுரையை நாம் பன்முறை படித்திருக்கிறோம். கிறித்தவ நண்பர் கூட்டங்களில் பெருமையோடு எடுத்தும் பேசியிருக்கிறோம். ஆயின், அதனை எப்போதும் வெள்ளையரை நோக்கிய சொல்லாகவே படித்தோம். சாளரத்தின் ஓரத்தில் தனியே கவிழ்ந்திருந்த குவளையைக் கண்ட இரவில்தான், அச்சொல் நம்மை நோக்கியும் நிற்பது விளங்கிற்று. அவருக்கு ஊதியம் தவறாது அளித்தோம். பழைய ஆடைகள் ஈந்தோம். நோயுற்றபோது மருந்தும் வாங்கித் தந்தோம். நட்பை மட்டும் அளித்தோமில்லை.

இனி, நாட்டின் பிற பகுதிகளில் கிறித்தவ மக்கள் தம் நம்பிக்கையை எவ்வாறு தம் பண்பாட்டோடு இணைத்து வாழ்கின்றனர் என்பதைச் சிறிது காண்போம். நேயர்களாகிய உங்களுட் பலர் இம்மக்களின் அண்டை வீட்டாராகவே இருத்தல் கூடும்.

கேரளத்துத் தோமா கிறித்தவர் திருமணத்தில் மணமகன் கட்டும் ‘மின்னு’ ஆலிலை வடிவினது. அதன்மேற் சிலுவை பொறிக்கப்பட்டிருக்கும். மணமகளுக்குரிய மந்திரகோடிச் சேலையினின்று உருவிய நூலிலே அதனைக் கோப்பது மரபு. மங்களூர்க் கத்தோலிக்கர் செப்டம்பர் 8ஆம் நாள் அன்னை மரியின் பிறப்பு விழாவன்று புதிய நெற்கதிரை மந்திரித்துப் பெற்று, குடும்பத்தார் யாவரும் ஒருங்கமர்ந்து புதிர் உண்கின்றனர். அதே நாளில் நம் வேளாங்கண்ணியில் திருவிழா நிறைவுறுகிறது. அதனை அடுத்த ஞாயிறன்று மும்பையின் பாந்திராக் குன்றில் மாதா திருவிழாச் சந்தை தொடங்குகிறது. மும்பைவாழ் தமிழரும் மராத்தியரும் கொங்கணியரும், சமய வேறுபாடின்றி, மெழுகுவத்தி ஏந்தி அக்குன்று ஏறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

வடகிழக்கில் மிசோரம் மாநிலத்துப் பெண்கள், ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக்கலத்தில் இட்டு வைத்துத் திருச்சபைக்கு அளிக்கின்றனர். 1910இல் தொடங்கிய அவ்வழக்கத்தை அவர்கள் ‘பூஃபாய் தாம்’ என்கின்றனர். நம் நெல்லைச் சீமைத் தாய்மார் ‘பிடியரிசி’ என்று வழங்கியதும் இதுவே. மலைநாட்டு மங்கையும் தேரிக்காட்டுத் தாயும் ஒருவரை ஒருவர் அறியார். எனினும் இருவர் கையும் ஒரே செயலைச் செய்தன. மிசோ மக்களின் முழவு முதலில் கோயில்களுக்குப் பொருந்தாததென விலக்கப்பட்டிருந்தது. பின்னர் அம்மக்கள் அதனைத் தம் வழிபாட்டுக்குள் கொணர்ந்தனர். இன்று அம்முழவின்றி அவர்கள் பாட்டில்லை.

நம் இல்லத்துப் பெண்மணி பிறந்த சோட்டா நாகபுரிப் பகுதிக்கு 1845இல் ஜெர்மானிய கோஸ்னர் சபையின் தொண்டர்களும், 1885இல் பெல்ஜிய நாட்டுத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸும் வந்தனர். முண்டரும் ஒராவோனியரும் நிலம் இழந்து நலிந்த காலம் அது. லீவன்ஸ் அவர்களுக்கு நிலவுரிமைச் சட்டத்தை எடுத்து விளக்கி, வழக்கு மன்றங்களில் துணைநின்றார். இன்று அம்மக்களின் வழிபாடுகளில் ‘மாந்தர்’ என்னும் முழவு ஒலிக்கிறது. கைகோத்து ஆடும் ஆட்டமும் உண்டு. வறுமையால் அவ்வூர்களினின்று தில்லிக்கு வந்து வீட்டு வேலை செய்யும் பெண்கள் பலர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் தலைநகரின் சில கோயில்களில் அவர்கள் ஒன்றுகூடித் தம் மொழியில் பாடுவதை அறியாமலே நாம் அவ்வழியே பல்லாண்டு நடந்திருக்கிறோம்.

திருச்சபையின் தலைமையும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியபின், இலத்தீன் மொழியில் நிகழ்ந்த திருப்பலி மக்கள் மொழிகளில் நிகழலாயிற்று. 1967இல் பெங்களூரில் தமிழராகிய அமலோற்பவதாஸ் அடிகள் தலைமையில் தேசிய மறைக்கல்வி, விவிலிய, வழிபாட்டு நடுவம் தோன்றிற்று. 1969இல் கைகூப்பி வணங்குதல், தரையில் அமர்தல், ஆரத்தி எடுத்தல், குத்துவிளக்கு ஏற்றுதல் முதலிய பன்னிரண்டு மாற்றங்களுக்கு உரோமாபுரி இசைவு தந்தது. இவற்றை எதிர்த்த கிறித்தவரும் உண்டு. அயலார் சமயத்தின் சாயல் என அஞ்சினோரும் உண்டு. உயர்ந்தோர் பண்பாட்டையே இந்தியப் பண்பாடென்று கொண்டால் ஒடுக்கப்பட்டோரின் பறையும் பாட்டும் என்னாவது என்று வினவிய தலித் கிறித்தவரும் உண்டு. இவ்விறுதி வினா மிகவும் ஆழமானது. குத்துவிளக்கு ஏற்றுவது எளிது; பறையடிப்பவரை உடன் அமர்த்துவதே அரிது.

பொதுவாழ்வில் கிறித்தவர் நடந்துகொண்ட முறையையும் ஒருவாறு குறிப்பிடல் வேண்டும். கிறித்தவருக்கெனத் தனித் தொகுதி வேண்டா என்று ஆங்கிலேயர் காலத்திலேயே அசரியா வாதிட்டார். தனித்து நின்றால் அண்டை அயலாரோடு உறவு அறும் என்பது அவர் அச்சம். அரசியல் நிருணய சபையில் சிறுபான்மையினர் உட்குழுவுக்குத் தலைமை தாங்கிய வங்கக் கிறித்தவர் எச். சி. முகர்ஜியும் அவ்வழியே நின்றார். 1949இல் சமயச் சிறுபான்மையினர்க்கான இடஒதுக்கீடு சட்டமன்றங்களுக்கு வேண்டா என்று முடிவாயிற்று. உரிமையைக் கேட்டுப் பெறுதலும் கடமையே. அண்டை வீட்டாரை நம்பி வாழ்தலும் நம்பிக்கையே என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர்.

இனி நம் நிலைக்கு வருவோம். பிற மாநிலத்தில் வாழும் தமிழ்க் கிறித்தவனுக்கு இரு பற்றுகள் உண்டு: ஒன்று மொழிப்பற்று, மற்றொன்று சமயப்பற்று. இரண்டும் நல்லனவே. ஆயின் இரண்டும் ஒன்றென மயங்குதல் எளிது. நம் தில்லித் தமிழ் வழிபாட்டில் நடுவயதினர் உருகிப் பாடும் கீர்த்தனையை, இங்கே பிறந்த பிள்ளைகள் கைப்பேசித் திரையில் ஆங்கில எழுத்திற் பார்த்து உச்சரிக்கின்றனர், பொருள் அறியார். இந்தியில் ஒரு வாசகமேனும் படிக்கலாமே என்று இளைஞர் கேட்டபோது, தமிழ் அழிந்துவிடுமே என்று மறுத்தவருள் நாமும் ஒருவர். நாம் மறுத்தது தமிழின்பாற் கொண்ட அன்பினாலா, அன்றி, அக்கதவு திறந்தால் நம்மினும் எளியவர் உள்ளே வந்து அருகில் அமர்வர் என்னும் அச்சத்தினாலா என்று இன்று நம்மை நாமே வினவிக்கொள்கிறோம். விடை நமக்கு இனிமையாக இல்லை.

தமிழை விட்டுவிடுக என்று நாம் கூறவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்பது பெற்றோர் கடன். கீர்த்தனையின் பொருளை வீட்டிலே விளக்குவதும் கடன். தம் தாய்மொழியை மறவாமலே தெலுங்கைக் கற்றவர் அன்றோ அசரியா? சென்ற ஊரின் மொழியைக் கற்பது சொந்த மொழிக்குச் செய்யும் துரோகமன்று. அயலாரை மதிக்கின்றோம் என்பதற்கு அதுவே முதல் அடையாளம். இது கிறித்தவருக்கு மட்டும் உரிய அறமன்று. முருகன் கோயில் எழுப்பிய தமிழருக்கும், தர்காவில் கூடும் தமிழருக்கும் இதுவே அறம். தாம் கொணர்ந்த விளக்கின் ஒளி தம் முற்றத்தோடு நின்றுவிடுகிறதா, அண்டை வாயிலுக்கும் எட்டுகிறதா என்பதே யாவரும் கேட்டுக்கொள்ளத் தக்க கேள்வி.

அந்த டிசம்பர் 25ஆம் நாள் நிகழ்ந்ததைக் கூறி முடிப்போம். அப்பெண்மணி விடுப்பு எடுத்துக்கொண்டு தம் கோயிலுக்குச் சென்றார். விருந்துக்கு வந்த நண்பர்களோடு சேர்ந்து நாமே பாத்திரம் துலக்கினோம். அதில் வீரமேதும் இல்லை. இடுப்பு நோவு மட்டுமே மிச்சம். மாலையில் நம் அழைப்பை ஏற்று அவர் தம் தோழியர் இருவரோடு வந்தார். வழக்கம்போல் அடுக்களைப் பக்கமாகவே நுழைந்தார். நம் இல்லத்தரசியார் அவரைக் கைப்பற்றி அழைத்து வந்து மேசையருகே அமர்த்தினார். அவருக்குக் கூச்சம், நமக்கு அதனினும் கூச்சம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் நம் மகள், தன் இந்தியில், அவர்கள் ஊரில் இந்நாளில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டாள். அரிசிமாவிற் செய்யும் ‘அர்சா’ என்னும் பணியாரம் பற்றி அவர் கூறினார். வெல்லப்பாகில் அரிசிமாவைப் பிசைந்து எண்ணெயில் இடும் முறையை அவர் கையசைத்துக் காட்டியபோது, நம் இல்லத்தரசியார் எழுந்து சென்று அதிரசத் தட்டைக் கொணர்ந்து அவர் முன் வைத்தார். மூவரும் உண்டு பார்த்துச் சிரித்தனர். ஏறக்குறைய அதுவே இது.

மூன்றாண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருந்தும் இச்செய்தி இருவர்க்கும் தெரியாமற் போயிற்று. ஒரு மாலைப்பொழுதால் யாவும் சீர்பட்டுவிட்டதென்று நாம் எண்ணவில்லை. ஊதியம் அளிப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையேயுள்ள தொலைவு ஒரு பணியாரத்தால் அகல்வதன்று. ஊதியத்தை உயர்த்தினோம், வாரத்தில் ஞாயிறு அவருக்கு ஓய்வு நாளாயிற்று. தமிழ் வழிபாட்டில் இப்போது ஒரு வாசகம் இந்தியிற் படிக்கப்படுகிறது. அதற்கு நாம் மறுப்புக் கூறவில்லை. சாளரத்தின் ஓரத்திலிருந்த குவளை மற்றக் குவளைகளோடு கலந்துவிட்டது. எது அந்தக் குவளை என்று இன்று நம்மால் அடையாளம் காண இயலாது.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் விழா வரும், விருந்து நிகழும். அன்று வாயிலில் விளக்கேற்றுமுன் ஒருமுறை அடுக்களைச் சாளரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.